மூன்று முறை துப்புகிற தீவு

1

நம் ஊர்க் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மலர் போடுகிறார்களாம். பம்பாயில் இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதி அனுப்ப வேண்டும் என்று ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் தாராவியில் தங்கள் பிள்ளைகள் எழுப்பின மாடியைப் பற்றி எழுதுவார்கள். எழுதட்டும். பம்பாய் வரைக்கும் வந்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அங்கிருந்து கிரீஸ் தேசத்துத் தீவு ஒன்றுக்குப் போய், போன நாள் முதல் முகம் சுளித்துக்கொண்டே இருந்துவிட்டுத் திரும்பினவள் நான் ஒருத்திதான்.

எனக்கு எழுத்து ஞாயிறு பள்ளியில் கற்றது. ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம் போகும். அந்த நேரத்தில் கருவாட்டுக் கடையில் ஈதான் ஓட்ட வேண்டும். அதனால் அவசரம் இல்லை.

போன வாரம் ரேஷன் ஆபீசில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். கார்டில் ஒரு திருத்தம். என் மகள் வசந்தாவின் மகள் ஸ்டெல்லாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலேஜ் படிக்கிறவள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த மராட்டிக்காரக் கிளார்க் தலையைத் தூக்காமலே, “பதி கா நாம்?” என்றான். புருஷன் பெயரைக் கேட்கிறான். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் வாயில் சூயிங்கம்.

“சொல்லு ஆச்சி.”

“நீ சொல்லு.”

“உன் ஹஸ்பண்டுதானே! பின்னாடி லைன்ல எல்லாரும் கட்கட் பண்றாங்க பாரு.”

“முணுமுணுக்கட்டும். ஒங்க தாத்தா பேர நான் சொல்லமாட்டேன்னு ஒனக்குத் தெரியாதாக்கும்?”

“க்யா ஆச்சி, எந்தக் காலத்துல இருக்கே நீ” என்று நெற்றியில் அடித்துக்கொண்டு, சூயிங்கத்தைக் கன்னத்துக்கு ஒதுக்கி, அந்தப் பெயரை இந்திக்காரர்கள் சொல்வது மாதிரி நீட்டிச் சொன்னாள். கிளார்க் எழுதிக்கொண்டான். மென்று துப்பினது போல இருந்தது. 

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டினவர் பெயரை நம் பெண்கள் வாயால் சொல்வதில்லை. அவர் இருந்தவரைக்கும் ‘இந்தாருங்க’. மற்றவர்களிடம், மகன் பெயரைச் சேர்த்து, ‘துரை அப்பா’. அவர் படுக்கையில் கிடந்தபோது நான் ஜெபித்ததும் ‘துரை அப்பாவை எழுப்பிவிடும்’ என்றுதான். ஆண்டவருக்கு ஆள் தெரியும். இந்த எழுத்திலும் அவர் பெயர் வராது. ஊரில் உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குத் தேவையில்லை.

ஆனால் அந்தப் பெயரை என் வாயால் ஒரே ஒரு தடவை சொன்னது உண்டு. அந்தத் தீவில். சொல்ல வைத்தான் என் மகன்.

2

என் மகன் செல்லத்துரையை உங்களில் பாதிப் பேர் சின்னப் பையனாகப் பார்த்திருப்பீர்கள். துரை என்று கூப்பிடுவோம். பம்பாய்த் துறைமுகத்தில் வெல்டிங் பழகி வெளிநாட்டுக் கப்பலில் ஏறினான். கப்பல் பழுதாகி அந்தத் தீவில் மாதக்கணக்கில் நின்றது. பிறகு கப்பல் சரியாகிப் புறப்பட்டுப் போனது, துரை போகவில்லை. மரியா என்று ஒரு பெண்ணைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டு, அவள் வீட்டிலேயே தங்கிவிட்டான்.

வீட்டோடு மாப்பிள்ளை! அங்கே வழக்கமே அப்படித்தானாம். வீடு தாயிடமிருந்து மூத்த மகளுக்குப் போகும், கட்டிக்கொள்கிறவன் கட்டின துணியோடு வந்து அந்த வீட்டில் இருப்பான். “இங்க யாரும் தப்பா நெனக்கமாட்டாங்கம்மா” என்று போனில் சொன்னான். அவன் அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று கால் வெந்தவர். அந்தக் காலோடு நடந்து நடந்து, தாராவியில் மகனுக்கென்று ஒரு அறை வாங்கிப் போட்டார். அது இன்றைக்கும் பூட்டித்தான் கிடக்கிறது. எலி இருக்கிறது.

ஆண்பிள்ளை பிறந்ததும், ஞானஸ்நானத்துக்கு வர வேண்டும் என்று டிக்கெட் அனுப்பினான். எனக்குத் தெரிந்த ஒரே கிரேக்கத் தீவு, போதகர் பிரசங்கத்தில் சொல்லுகிற பத்மு தீவு. அதற்குப் பக்கத்துத் தீவு என்றான். சரி, பரிசுத்தமான இடம் போல என்று நம்பிவிட்டேன். பாஸ்போர்ட் ஆபீசில் நான்கு ஜன்னல், நான்கிலும் புருஷன் பெயர். ஒவ்வொரு ஜன்னலிலும் வசந்தா சொன்னாள், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி ஜன்னல்காரன் வசந்தாவிடம், “மாஜி ஊமையா?” என்று கேட்டானாம்.

3

பயணத்தில் கடைசி ஒரு நாள் முழுவதும் கப்பலில். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. துறையில் இறங்கினதும் துரை ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, நாலு பேர் பார்க்க, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான்.

“தள்ளுல அங்கிட்டு. என்ன பழக்கம் இது?”

“இங்க இப்படித்தாம்மா.”

அந்தத் தீவில் இருந்த நாள் முழுக்க நான் அதிகமாகக் கேட்ட தமிழ் அதுதான். இங்க இப்படித்தாம்மா.

வீட்டில் சம்பந்தியம்மா, அதாவது மரியாவின் அம்மா, தலை முதல் கால் வரை கறுப்புத் துணியில் நின்றாள். விதவையாக்கும் என்று இரங்கினேன். பக்கத்திலேயே அவள் புருஷன் நின்று சிகரெட் குடிக்கிறார். எப்போதோ செத்த அண்ணனுக்காகக் கறுப்பு உடுத்தினவள் அதை மாற்றவே இல்லையாம்.

பிள்ளையை என் மடியில் போட்டார்கள். நிறம் அவர்கள் நிறம், நெற்றி துரை அப்பாவின் நெற்றி. அந்த நெற்றியை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சம்பந்தியம்மா குனிந்தாள், பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தூ, தூ, தூ என்றாள். எச்சில் என் கையில் தெறித்தது.

“ஏல, என்னல இது? பிள்ள மேல துப்புதா?”

“கண்ணு படாம இருக்கறதுக்கும்மா. இங்க இப்படித்தான்.”

“கண்ணுக்கு நாம துப்பமாட்டமா? போதகருக்குத் தெரியாம மொளகா வத்தலச் சுத்தி, அதுல துப்பி அடுப்புல போடுதோம். பிள்ள மூஞ்சியிலயா துப்புதோம்?”

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து போய், அவள் வாசற்படியில் மூன்று முறை துப்பினேன். உன் வீட்டு லட்சணத்துக்கு இதுதான் மரியாதை என்று அர்த்தம். அவ்வளவுதான், வீடு முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். சம்பந்தியம்மா ஓடி வந்து என் கைகளைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

“என்னல சொல்லுதா?”

“மொற தெரிஞ்ச பொம்பளன்னு சொல்லுதாங்கம்மா. கடல் தாண்டி வந்தும் பிள்ளைக்குக் கண்ணு கழிச்சீங்களாம்.”

வைதால்கூட உறைக்காத ஊர்.

4

ஸ்டெல்லா அந்தத் தீவின் படம் போட்ட காலண்டர் ஒன்றைத் தாதரில் எங்கேயோ வாங்கி வந்து சுவரில் மாட்டியிருக்கிறாள். வெள்ளை வீடு, நீலக் கதவு, நீலக் கடல். “மஸ்த் இடம் ஆச்சி, நீ போய்ட்டு வந்து ஏன் மூஞ்சியத் தூக்குறே?” என்கிறாள். காலண்டரில் நாற்றம் வராது. அதுதான் காரணம்.

தாராவிக்காரி நாற்றத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று யாரும் சிரிக்க வேண்டாம். கட்டினவர் தோல் ஷாப், நான் கருவாடு. நாற்றத்தோடு வாழ்ந்தவள்தான் நான். அதனால்தான் எது வேலையின் நாற்றம், எது அசிங்கத்தின் நாற்றம் என்று எனக்குத் தெரியும்.

அந்த வீட்டுக் கக்கூஸில் ஒரு மூடி போட்ட வாளி இருந்தது. தண்ணீராக்கும் என்று திறந்தேன். துடைத்த காகிதம்! குழாய் சின்னதாம், உள்ளே போட்டால் அடைத்துக்கொள்ளுமாம், அதனால் எல்லாரும் அதில் போட்டு மூடி வைப்பார்களாம். தாராவியில் நாங்கள் டப்பாவோடு வரிசையில் நிற்கிறவர்கள்தான், மறைக்கவில்லை. ஆனால் டப்பாவில் தண்ணீர் உண்டு. கழிந்ததை வீட்டுக்குள் மூடி வைத்துக் காப்பாற்றுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அன்றைக்கே துரையை அனுப்பி ஒரு பிளாஸ்டிக் செம்பு வாங்கி வரச் சொன்னேன். மரியா அதில் ஒரு பூச்செடி வைத்துவிட்டாள்.

பிறகு பேய்க்கணவாய். எட்டுக் காலோடு இருக்குமே, அது. சம்பந்தி அதைப் பிடித்து வந்து கடற்கரைக் கல்லில் துணி துவைப்பது போல அடிப்பார், நுரை தள்ளுகிற வரைக்கும். அடித்ததைக் கொண்டுவந்து துணி காயப்போடுகிற கொடியில், மரியாவின் உள்பாவாடைக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். உப்பும் போடுவதில்லை. நான் வாழ்நாளெல்லாம் மீன் காயப்போட்டவள், அதைப் பார்த்துச் சாப்பாட்டை ஒதுக்கினேன்.

அந்தக் கொடியைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் படகு படகாக வருவார்கள். பெண்பிள்ளைகள் உடுத்தியிருப்பதை ஊர்க் கோயில் மலரில் எழுத முடியாது. வந்தவர்கள் சம்பந்தியம்மாவின் கறுப்புத் துணியைப் படம் எடுப்பார்கள், கழுதையைப் படம் எடுப்பார்கள். ஒருநாள் சிவந்துபோன ஒரு பெரிய மனிதர் என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி, அந்தப் பேய்க்கணவாய்க்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். சேலையையும் கொண்டையையும் பார்த்துவிட்டு, என்னையும் அந்தத் தீவின் பழைய வழக்கம் என்று நினைத்துவிட்டார். துரை பக்கத்தில் நின்று சிரித்தான். என் அம்மா, பம்பாயிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

5

அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ஞானஸ்நானம் வரைக்கும் பெயரே கிடையாதாம். கோயிலில்தான் பெயர் விழும், அதுவரை வெறும் ‘பிள்ளை’. என்ன பெயர் வைப்பார்கள் என்று துரையிடம் கேட்டேன்.

“மொத ஆம்பளப் பிள்ளைக்கு அப்பாவோட அப்பா பேருதான். இங்க அதான் மொற.”

அந்தத் தீவில் எனக்கு முதல் தடவையாகச் சோறு இறங்கியது அன்றைக்குத்தான். நம் முறையும் அதுதானே. துரை அப்பாவும் வேதப் பெயர்க்காரர், அந்த ஊர்க் கோயில் சாமியாருக்கும் பழகின பெயர். தோல் ஷாப் சுண்ணாம்பில் வெந்த மனிதர் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளையாக நடக்கப் போகிறார் என்று நினைத்தேன். பூட்டிக் கிடக்கிற அறையைக்கூட அந்த ஒரு நாள் மறந்துவிட்டேன்.

ஆனால் சம்பந்திக்கு வேறு எண்ணம். அவருக்குப் பெண்பிள்ளைகள் மட்டும்தான். என் பெயர் என்னோடு போகிறது, இந்த ஒரு தடவை என் பெயரை வையுங்கள் என்று ஆரம்பித்தார். சம்பந்தியம்மா விடவில்லை. முறை முறைதான் என்று மேஜையைத் தட்டிக் கத்தினாள். என்னைக் காட்டிக் காட்டிக் கத்தினாள். அவள் பேச்சு எனக்கு விளங்காது, ஆனால் யார் பக்கம் பேசுகிறாள் என்பது விளங்கியது. துரை நடுவில் உட்கார்ந்து வாதுமைக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தான்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மொட்டை மாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“யம்மா, நாளைக்குச் சாமியார் பேரு கேப்பாரு. பிள்ளைய ஏந்தியிருக்க ஞானத்தகப்பன் ஒங்களப் பாப்பாரு. நீங்க அப்பா பேரச் சொன்னா அந்தப் பேரு. நீங்க வாயத் தொறக்கலேன்னா மாமனாரு பேரு. அப்படிப் பேசி முடிச்சிருக்கோம்.”

“யாரு பேசி முடிச்சது?”

“நான்தான்.”

“நான் அந்தப் பேரச் சொல்லமாட்டேன்னு ஒனக்குத் தெரியும்லா?”

அவன் கடலைப் பார்த்தான்.

“ஒனக்கு வாயி இல்லியால?”

“நான் சொன்னா அவரு மூஞ்சியில எப்படிம்மா முழிப்பேன்? தெனமும் ஒண்ணா ஒக்காந்து சாப்பிடணும்லா.”

“அப்ப ‘எங்கப்பா பேரு வேண்டாம்’னு நீ சொல்லு. அதையாவது ஒன் வாயால சொல்லு.”

 எழுந்து, என் பக்கத்தில் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு கீழே போனான். மரியாதையான பிள்ளை, பாருங்கள்.

நம் முறையை எடுத்து எனக்கே பூட்டாகப் போட்டுவிட்டான். மாமனார் பெயர் விழுந்தால், ‘அம்மா சொல்லல, நான் என்ன பண்ண?’ என்பான். அப்பா பெயர் விழுந்தால், ‘அம்மா சொல்லிட்டாங்க, நான் என்ன பண்ண?’ என்பான். இரண்டு பக்கமும் அவனுக்குக் கறி சோறு. அந்த வாளியைத் திறந்தபோதுகூட எனக்கு அப்படிக் குமட்டவில்லை.

6

கோயில் சின்னது. மெழுகு வாசம், சாம்பிராணி, கூட்டத்தின் வியர்வை. வாசலில் வெள்ளைக்காரர்கள் காமிராவோடு. மரியா வெளியே திண்டில் உட்கார்ந்திருந்தாள். பெயர் விழும்வரை பெற்றவள் உள்ளே வரக் கூடாதாம், அது அந்த ஊர் பழைய முறை.

ஞானத்தகப்பன் காப்பிக் கடைக்காரர், பெரிய மீசை. சாமியார் ஏதோ சொன்னார், அவர் பிள்ளையோடு வாசல் பக்கம் திரும்பித் தூ தூ தூ என்று துப்பினார். கோயிலுக்குள்ளே! சாத்தான் மேல் துப்புகிறாராம். பிள்ளையின் துணியை உரித்தார்கள், கைநிறைய எண்ணெய் எடுத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசினார்கள். பிறகு பெரிய செம்பு அண்டாவுக்கு முன்னால் நின்று சாமியார் கேட்டார். ஞானத்தகப்பன் என்னைப் பார்த்தார்.

எல்லாரும் பார்த்தார்கள். சம்பந்தி தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு பார்த்தார். சம்பந்தியம்மா இரண்டு கையையும் என் பக்கம் நீட்டி, சொல்லு சொல்லு என்பது போல விரலை ஆட்டினாள். நான் துரையைப் பார்த்தேன். கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று பார்த்தேன். அவன் எரிகிற மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிள்ளை எண்ணெயில் வழுக்கி அழுதது. சாமியார் இரண்டாம் தடவை கேட்டார். சம்பந்தி ஓர் அடி முன்னால் வந்தார்.

சொன்னேன்.

கருவாடு கூவி விற்ற தொண்டை, மெதுவாக வராது. கோயில் முழுக்கக் கேட்டது. அவரோடு வாழ்ந்த காலமெல்லாம் வாய்க்குள் வைத்திருந்தது வெளியே போய் அந்த அண்டாவில் விழுந்தது. சந்தோஷமா என்று வசந்தா பிறகு கேட்டாள். இல்லை. நாலு பேர் நடுவில் சேலை அவிழ்ந்தது போல இருந்தது.

சாமியார் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளையைத் தண்ணீரில் மூன்று முறை முக்கினார். வாசலில் காத்திருந்த சிறுபிள்ளைகள் மரியாவுக்குச் சொல்ல ஓடினார்கள். யார் முதலில் சொல்வது என்று போட்டி. நான் வீட்டுக்குள்கூட உச்சரிக்காத பெயர் அந்தச் சந்தில் கூச்சலாக ஓடியது. சம்பந்தி வெளியே போய்ச் சிகரெட் பற்றவைத்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு வேண்டியதை அவர் கேட்டார். வாய் இருந்தது.

சம்பந்தியம்மா என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். என் முகத்துக்கு நேரே மூன்று முறை துப்பினாள். நான் துடைத்துக்கொள்ளவில்லை.

இப்போதும் துரை எப்போதாவது கீழே மளிகைக் கடைக்குப் போன் பண்ணுவான். பிள்ளையை மட்டும் பேசச் சொல்லுவேன். அவன் கிரேக்கத்தில் ஏதோ மழலை சொல்வான். “பெரியவரே, சாப்பிட்டீரா?” என்பேன். “அவனுக்குத் தமிழே தெரியாது, பேரு சொல்லிக் கூப்பிடேன் ஆச்சி” என்று ஸ்டெல்லா இடிப்பாள். ஒரு தடவை போதும். அந்தப் பெயர் இனி என் வாயில் வராது.

7

புறப்படுகிற அன்று துறையில் சம்பந்தியம்மா என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தாள். காய்ந்த பேய்க்கணவாய். வாங்கிக்கொண்டேன், அவள் கொடுத்ததால். துரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தான். முகத்தில் நல்ல தெளிச்சி. மாமனார் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாராம், நேற்று ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.

“நல்ல வேள, நீங்களே சொல்லிட்டீங்கம்மா. அப்பா பேரும் நின்னுச்சு, எம்மேலயும் யாருக்கும் வருத்தமில்ல.”

நான் பொட்டலத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். அவன் காலடியில் மூன்று முறை துப்பினேன்.

பின்னால் வந்த சம்பந்தியம்மா பூரித்துப்போய்விட்டாள். தாய் மகனுக்குக் கண்ணு கழிக்கிறாள் என்று அவளும் கூடவே தூ தூ தூ என்றாள். மரியாவும் சொன்னாள். கப்பலுக்கு நின்ற வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

துரைக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். என் எச்சில் ஒரு சொட்டுக்கூட அவன்மேல் படவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.